பெட்டி காலியானால் வருவான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு ஹிசாயோ அம்மாவுக்குக் கைப்பேசியில் வேறெதையோ காட்டிக்கொண்டிருந்தேன். விரல் வழுக்கி, டோக்கியோவின் அகிஹபாரா கடைத்தெருவில் நான் எடுத்த படம் வந்து நின்றது. ஒரு பொம்மைக் கடையின் வாடகைக் கண்ணாடிப் பெட்டிகள். யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்து, தன் பொம்மைகளை விற்பனைக்கு வைக்கலாம்.

"இந்த ரோபோ எல்லாம் நவோ வர்ணம் அடிச்சது" என்றார் ஹிசாயோ அம்மா, படத்தில் ஒரு பெட்டியைக் காட்டி. "புருவம் வெச்சிருக்கான் பாரு. வேற எவன் ரோபோவுக்குப் புருவம் வரைவான்?"

நவோஹிசா அவருடைய ஒரே மகன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் இருந்தது.

2

முதல் வரி அமையவே இல்லை.

'ரயில் நிலைய வாசலில் ஹிசாயோ, வண்ண விளக்குகளைக் கண்டு திகைத்து…' டோக்கியோவிலேயே பிறந்தவர் விளக்கைப் பார்த்தா திகைப்பார்? வேண்டாம்.

'ஒரு தாயின் உள்ளம்…' சீ, இதை நானே படிக்க மாட்டேன்.

அந்தத் தெருவுக்கு அவர் முதல் முறையாக வந்த அன்று நடந்தது இவ்வளவுதான். பணிப்பெண் வேடத்தில் காபிக்கடை நோட்டீஸ் கொடுத்த பெண், "வீட்டுக்கு வாங்க எஜமானியம்மா" என்று கூப்பிட்டாள். "என் வீட்லயே ஆள் இல்ல, உன் வீட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு நடந்தார். கடைப் படியேறும்போது என் முறை வந்தது.

"நாப்பது வயசுல உனக்குப் பொம்மைக் கடை ஒரு கேடா தொமோயோ?"

"பேசாம ஏறுங்கம்மா, மூச்சு வாங்குது."

3

கடைக்காரர் மினெகிஷி.* பெட்டி யாருடையது என்று சொல்ல மறுத்தார்.

"பேரு வேணாம்ப்பா. நல்லா இருக்கானான்னு மட்டும் சொல்லு."

"சொல்லக் கூடாதும்மா."

"சேதி எழுதித் தந்தா?"

"அதையும் வாங்க மாட்டோம்."

"சரி, பெட்டி காலியானா?"

"பெட்டிக்காரருக்குத் தகவல் போகும். வந்து நிரப்புவாங்க."

"அப்போ எல்லாத்தையும் எடு."

(* என் முதல் பிரதியில் இவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். நிஜத்தில் அந்த மனிதர் சங்கடத்தில் தலை நிமிரவே இல்லை. கதைக்கு இது வசதியாக இல்லை, என்ன செய்ய.)

மினெகிஷி பூட்டைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றினார். கடைசிப் பொம்மையில் கை வைத்தவர் நிறுத்தினார்.

"அம்மா, பொதுவா ஒண்ணு சொல்றேன். சில பேர் பழசை எல்லாம் தலைமுழுகத்தான் பெட்டியே எடுப்பாங்க. வித்து முடிஞ்சதுன்னு தெரிஞ்சா அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டாங்க."

"ஒண்ணை விட்டு வெச்சா?"

"அது விக்கிற வரைக்கும் வாடகை கட்டிட்டிருப்பாங்க. நேர்ல வரணும்னு இல்ல."

4

இங்கேதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

முடிவு ஒன்று: எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார். மகன் நிரப்ப வருகிறான், படியில் அம்மா உட்கார்ந்திருக்கிறார், அவன் கையிலிருந்த பை… சினிமா. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஒன்றை விட்டுவைக்கிறார். அவ்வப்போது வந்து பார்க்கிறார். பெட்டி இருக்கிறது, ஆகவே மகனும் இருக்கிறான். இப்படியே எத்தனை வருஷம்? யாராவது வேறொருவர் வந்து அதை வாங்கிவிட்டால்? அதையும் யோசித்தேன், எழுந்துபோய் முகம் கழுவினேன்.

மூன்றாவது

மூன்றாவது எனக்கு வரவில்லை. அன்று கடையில் ஹிசாயோ அம்மா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"கதை எழுதுறவதானே நீ? சொல்லு. எடுக்கவா, விடவா?"

ஊர் உலகத்தில் இல்லாதவர்களை எல்லாம் கதையில் சேர்த்துவைக்கிறேன், பிரிக்கிறேன், சாகடிக்கிறேன். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்வதாகவும் இல்லை. இப்போது அவர் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார், மினெகிஷியும் காத்திருக்கிறார். சொல்லுங்கள், எடுக்கவா, விடவா? தப்பாகப் போனால் உங்களுக்கும் எனக்கும் ஒரு கதை கெட்டுப்போகும், அவ்வளவுதான். அவருக்குப் பிள்ளை போய்விடும்.