செல்லியம்மாள் வீட்டு மூன்று பாடுகள்

1966 ஜூன் மாதத்தில் செங்கல்வராயனின் பிள்ளைகள் மூன்று பேர் காதிலிருந்தும் எழுத்துகள் கொட்டின. பொடிப்பொடியாக, கறுப்பு எள்ளு மாதிரி. வாத்தியார் சொல்லச் சொல்ல ஆனாவும் ஆவன்னாவும் தோளில் விழுந்து தரையில் உருண்டன. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை என்பதால் ஹெட்மாஸ்டர் சடையப்பன் மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் தாய் செல்லியம்மாளை வரச்சொல்லி, கூட்டிப் பெருக்க ஆளில்லை, இந்த மூணும் ஜென்மத்துக்கும் எட்டாவது தேறாது என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

செல்லியம்மாளின் படிப்பு அஞ்சாவதுதான்; வைராக்கியம் காலேஜ் வரைக்கும் இருந்தது. நான் பெத்ததுங்க தேறாதா, பாத்துடலாம் என்று வீட்டிலேயே பாடம் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் பார்த்தபடியே மூன்றையும் பாயில் வரிசையாக உட்கார வைத்தாள். கொட்டிய எழுத்தைக் கூட்டி அள்ளி, ஒரு மாசத்தில் முறம் நிறைந்ததுதான் மிச்சம். அப்போதுதான் குப்பத்தில் பாடு வைத்தார்கள். ஏரியில் எந்த வலை, எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்களே, அதுதான் பாடு. வேடிக்கை பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யே, மூணு வலையையும் ஒரே எடத்துல போட்டுக்கினு கீறேனே!"

"இன்னா சொல்ற?" என்றான் செங்கல்வராயன்.

"புள்ளைங்களுக்கும் பாடு வெக்கணும்யா."

அவரவர் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. மூத்தவன் முனிகிருஷ்ணனை முழங்கால் தண்ணீரில் நிறுத்தினால் கணக்கில் ஒன்றுகூடச் சிந்தவில்லை. ரத்னாவுக்குக் கையில் வலை முடிச்சு இருக்கவேண்டும்; பூகோளம் முழுவதையும் முடிச்சுப் போட்டே பிடித்துவைத்தாள். கடைக்குட்டி தேசப்பன் நடந்துகொண்டே இருக்கவேண்டும். தனக்கே விளங்காததைக்கூட செல்லியம்மாள் அவர்களுக்கு விளங்கும்படி சொன்னாள். முறம் மறுபடி அரிசி புடைக்கப் போயிற்று.

1973ல் கும்மிடிப்பூண்டியில் பிரைவேட்டாக எட்டாவது பரீட்சை. ஜன்னலுக்கு வெளியே செல்லியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் ஏழு வருஷப் படிப்பும் கொட்டிவிடுமே! மணி அடித்தது. முனிகிருஷ்ணன் பெஞ்சுக்கடியில் மட்டும் ஏரித்தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது; கூடவே இரண்டு இறால். ரத்னாவின் தாவணி நூல் பிரிந்து வந்து அவள் இடது கைக்கு முடிச்சுப் போடக் கிடைத்தது. தேசப்பனின் பெஞ்சு அவனைச் சுமந்துகொண்டு ஹாலைச் சுற்றி நடந்தது. போகிற வழியில் அடுத்தவன் பேப்பரைப் பார்க்கக்கூடாது என்று மட்டும் சூப்பர்வைசர் சொன்னார்.

மூன்றும் பாஸ். செல்லியம்மாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. மீன் கூடையோடு போன தெருவிலெல்லாம் மீன் விலையோடு மார்க்கையும் சேர்த்தே சொன்னாள். ஹெட்மாஸ்டரை நிறுத்திவைத்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஏழு வருஷமாக வாயில் வைத்திருந்தாள். அந்த வாரமே அவராகவே வந்தார். கூடவே பேத்தி சந்திரகலா. அந்தப் பெண்ணின் இரண்டு தோளிலும் கறுப்பாகப் பொடி. சடையப்பன் தலை நிமிரவில்லை.

அந்த நாலு வார்த்தையையும் மறந்து செல்லியம்மாள் உள்ளே போய் முறத்தை எடுத்துவந்து பெண்ணின் காதுக்குக் கீழே பிடித்தாள்.

"கொட்றது கொட்டட்டும், வாங்க சார். மொதல்ல இதுக்கு எது பாடுன்னு பாக்கலாம்."