இரண்டாவது டப்பா

காசநோய் ஆய்வகத்தில் இருந்த பழைய மெஷினுக்கு மாமியார் என்றும், புதிதாக வந்து இறங்கியதற்கு மருமகள் என்றும் பெயர் வைத்தது லேப் அக்காதான். இரண்டில் எது கிருமியைச் சரியாகப் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு நோயாளியும் காலையில் வீட்டிலேயே காறித் துப்பி, இரண்டு டப்பா சளி கொண்டுவர வேண்டும். ஒன்று மாமியாருக்கு, ஒன்று மருமகளுக்கு. இத்தனை நாளும் இருவரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். எந்த வீட்டில் இந்த ஒற்றுமை உண்டு என்று அவள் டாக்டரிடம் கேலி செய்வாள்.

தச்சர் ஒருவரின் சளியில்தான் சண்டை மூண்டது. மாமியார் கிருமி இல்லை என்றாள். மருமகள் இருக்கிறது என்று அடித்துச் சொன்னாள். லேப் அக்காவுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, இனி மருமகளைத்தான் நம்ப வேண்டும் என்று டாக்டரிடம் மல்லுக்கு நின்றாள். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார் அவர்.

தச்சர் மனைவியோடு வந்தார். ஒடிசலான பெண். இந்த முறை லேப் அக்கா பக்கத்திலேயே நின்று, வெளி வெயிலில் அவரைத் துப்ப வைத்தாள். முக்கி முனகி இரண்டு டப்பாவுக்கும் தேற்றிவிட்டார். மதியம் மாமியாரும் மருமகளும் ஒரே குரலில் இல்லை என்றார்கள்.

போன முறை டப்பாவில் துப்பியது யார் என்று லேப் அக்கா கேட்டாள். தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு ஒரு டப்பாவுக்குத்தான்க்கா இவருக்கு வந்துச்சு. காலி டப்பா கொடுத்தா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு, இன்னொண்ணுல நான் துப்பினேன். எனக்கும் கொஞ்ச நாளா சளிதானே."

லேப் அக்கா போன முறை ரிசல்ட்டை எடுத்துப் பார்த்தாள். மருமகள் சொன்னது நிஜம்தான். கிருமி தச்சருடையது அல்ல, எதிரில் நிற்கும் இந்தப் பெண்ணுடையது. ஜெயித்துவிட்டதாகக் குதித்ததை நினைக்க அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எட்டவில்லை. கணவருக்கு ஒன்றுமில்லை என்பது மட்டும் காதில் விழ, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இருமல் ஆரம்பித்த நாளிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, மாடிப்படிக்கு அடியில் தனிப் படுக்கை. மரத்தூளால் வந்த இருமலாகத்தான் இருக்கும், அதற்குப் போய் மனுஷனைப் படாத பாடு படுத்திவிட்டேனே என்று நொந்துகொண்டாள்.

தச்சர் சிரிக்கவில்லை. டப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

லேப் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்ல குழந்தை இருக்காம்மா?"

"இருக்குக்கா, கைக்குழந்தை."

"யார்கிட்ட படுக்கும்?"

"என்கிட்டதான். இவருகிட்டேருந்து ஒட்டிக்கக் கூடாதேன்னு, இத்தனை நாளும் நெஞ்சை விட்டு இறக்கவே இல்லைக்கா."