பாப்பாவின் சால்வைக்கு அடியில்

கோடைக்கானல் பஜாரில் அப்துல் குத்தூசின் காய்கறி மண்டிக்கு மேல் மாடிதான் அவருடைய வீடு. அந்த மாடி ஜன்னலில் நின்றால் மேகமும் உருளைக்கிழங்கு மூட்டையும் ஒரே நேரத்தில் தெருவுக்குள் நுழைவதைப் பார்க்கலாம். கிளாவரையிலிருந்து குதிரை முதுகில் வரும் பூண்டும் கிழங்கும் மண்டி வாசலில் இறங்கும். குத்தூஸ் தோளிலிருந்து துண்டை எடுத்து, விற்க வந்தவரின் கைமேல் போடுவார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு ரூபாய், முழுக்கையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கையை உதறி எடுத்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். உள்ளங்கையில் தட்டி இறுக்கிவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்த விலையை யாராலும் மாற்ற முடியாது.

ஜன்னலில் சம்சுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு இதையெல்லாம் பார்ப்பாள். சம்சு குத்தூசின் மூத்த மகன். அவனைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயா அவள். துண்டுக்குள் நடப்பது தெரியாவிட்டாலும் முழங்கை அசைவதை வைத்தே விலையைச் சொல்லிவிடுவாள்.

"ஏலே சம்சு, உங்க அத்தா இன்னைக்கு ஒரு ரூவா ஏமாந்துட்டாகடா."

குத்தூசின் மனைவி சபுரா அதைக் கேட்டு ஒருநாள் சிரித்துவிட்டாள். "உனக்கு எப்படி வடிவு இது தெரியும்?"

"எங்கப்பா ஆயக்குடி சந்தையில மாட்டுத் தரகருங்க, சின்னம்மா. நானும் எங்கண்ணனும் வீட்டுல ஆட்டுக்குட்டிய வச்சு இதே வெளாட்டுதான் வெளாடுவோம்."

"நாங்க பழனியில கொய்யாப்பழத்த வச்சு வெளாடுவோம். எங்கத்தாவுக்கும் கமிஷன் மண்டிதானே!" என்றாள் சபுரா. அப்போது அவள் வயிற்றில் இரண்டாவது குழந்தை இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. ரோஜா மொட்டு மாதிரி மூடிய கைகளோடு அது கிடந்ததைப் பார்த்தபோது வடிவுக்குத் தன் வள்ளியின் ஞாபகம் வந்தது. புருஷன் இறந்த பிறகு, இரண்டு வயது வள்ளியை ஆயக்குடியில் அண்ணன் வேலுச்சாமி வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவள் மலையேறினாள். இப்போது வள்ளிக்கு ஐந்து வயது. அண்ணன் மனைவியை அம்மா என்கிறாள். வடிவு ஊருக்குப் போனால், "கோடைக்கானல் வந்திருச்சு" என்று உள்ளே போய்ச் சொல்கிறாள். அவளைப் பொறுத்தவரை அந்த ஊர்தான் அம்மாவின் பெயர்.

மகளை அழைத்துவந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வடிவு படுப்பது மண்டிக் கிட்டங்கியில், பூண்டு மூட்டைகளுக்கு நடுவில். அங்கே ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ரொட்டிக்கடைச் சுவரை ஒட்டிக் காளியாயி வாடகைக்கு விடும் அறை ஒன்று காலியாக இருந்தது. கடை அடுப்பின் சூடு சுவர் வழியாக உள்ளே வரும். வாடகை ஐந்து ரூபாய்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிப்புடு தாயி. டாக்ஸிக்காரன் ஒருத்தன் சாவியக் கேட்டு நிக்கிறான்" என்றாள் காளியாயி.

வடிவு நேராகக் குத்தூசின் தாயார் மரியம் பீவியிடம் போனாள். அந்த வீட்டில் அரிசி, விறகு, சம்பளம் எல்லாம் மரியம் பீவியின் இடுப்புச் சாவியில்தான் இருந்தன.

"பெரியம்மா, ஒரு புள்ளைக்குப் பேசுன சம்பளம் இது. இப்ப ரெண்டாயிப்போச்சு. மாசம் அஞ்சு ரூவா கூட்டிக் குடுங்க."

"அடி இவளே! சம்சுவப் பாக்குற அதே கண்ணாலதானே பாப்பாவையும் பாக்கப் போற. கண்ணுக்குத் தனிச் சம்பளமா?" மரியம் பீவி வெற்றிலையை மடித்தாள். "பாப்பாவுக்கு நாப்பது நாள் முடியட்டும். நல்ல சேலையா ஒண்ணு எடுத்துத் தாரேன்."

"சேலையக் கட்டிக்கலாம் பெரியம்மா. அதுக்குள்ள குடியிருக்க முடியாதுல்லங்க."

"வாயப் பாரு இவளுக்கு!"

"அப்ப நாப்பதோட நான் நின்னுக்கிறேனுங்க. ஏரிக்கரை பங்களாவுல ஆயா வேணும்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

சொல்லிவிட்டாள். ஆனால் மதியம் சம்சு அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கியபோது அதை விடுவிக்க மனம் வரவில்லை. பங்களாவுக்குப் போனால் இவன் இல்லை. இங்கேயே இருந்தால் வள்ளி இல்லை.

குத்தூசிடம் சபுரா பேசிப் பார்த்தாள். "வீட்டுக் கணக்கு அம்மாவோட சோலி. என்னைய அதுல இழுக்காதே" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

பாப்பாவின் நாற்பதாம் நாள் விழா வியாழக்கிழமை வந்தது. வெளியே ஜூன் மாதச் சாரல். பழனியிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் வந்த பெண்கள் கூடத்தில் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சபுரா, அவள் மடியில் கம்பளிச் சால்வைக்குள் பாப்பா. அழுதால் வாங்கிக்கொள்ள வடிவு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு புள்ளைக்கும் ஒரே ஆயாவா அக்கா?" என்று கேட்டாள் மரியம் பீவியின் தங்கை. பழனியிலிருந்து வந்தவள், குரல் மண்டிவரைக்கும் கேட்கும். "சம்பளம் கூடக் கேக்கலையா?"

"இவளா? தங்கமான புள்ள. சேலை போதும்னுட்டா" என்றாள் மரியம் பீவி.

வடிவுக்கு முகம் சுட்டது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் சால்வைக்கு அடியில் ஏதோ அவள் கையைத் தொட்டது. பாப்பாவின் கால் என்று நினைத்தாள். இல்லை. சபுராவின் கை. அது அவளுடைய இரண்டு விரல்களை அழுத்திப் பிடித்தது.

இரண்டு ரூபாய்.

வடிவு திரும்பிப் பார்த்தாள். சபுரா வத்தலக்குண்டுக்காரப் பெண்ணிடம் பாப்பாவின் மூக்கைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மாமியார் மறுத்ததை மருமகள் சபையில் வாய் திறந்து கொடுக்க முடியாது. கைக்கு வாய் இல்லை.

வடிவு சபுராவின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள்.

"மூக்கு அவுக அத்தா மாதிரி" என்றாள் சபுரா. சால்வைக்குள் மூன்று விரல்.

"நெத்தி உங்கள மாதிரிங்க சின்னம்மா" என்றாள் வடிவு. மறுபடியும் முழுக்கை.

சபுராவின் கை கொஞ்சம் யோசித்தது. நான்கு விரல்களைப் பிடித்து, சுண்டுவிரலை மட்டும் தள்ளிவிட்டது. வடிவு கண்ணை மூடினாள். ரொட்டிக்கடைச் சுவரின் சூட்டில், அறை மூலையில் சுருண்டு படுத்த வள்ளி தெரிந்தாள். நான்கு ரூபாய்க்கு அந்த அறையின் கதவு திறக்காது. அவள் கையை உதறி வெளியே எடுத்தாள்.

சால்வை ஒரு குலுங்கு குலுங்கியது.

"என்னடி அது, உள்ளாற இந்த ஆட்டம் ஆடுது?" என்றாள் மரியம் பீவியின் தங்கை.

"பாப்பா ஒதைக்குது மாமி" என்றாள் சபுரா. அவள் கை சால்வைக்கு வெளியே ஓடிவந்து வடிவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. விட்டுவிட்டுப் போகிறவளை வழியில் ஓடி மறிப்பதுபோல இருந்தது அந்தப் பிடி. பிறகு ஐந்து விரல்களும் சேர்ந்தன. உள்ளங்கையில் ஒரு தட்டு. ஓர் இறுக்கு.

"இந்த வயசுல இப்படி ஒதைக்குதா? குடு பாப்பம்!" தங்கை எட்டிப் பாப்பாவைச் சால்வையோடு தூக்கிவிட்டாள்.

சபுராவின் மடியில் இரண்டு கைகள் மட்டும் இருந்தன, ஒன்றையொன்று இறுகப் பிடித்தபடி. தாம்பாளத்தில் சர்க்கரையும் பழமும் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வாசலுக்கு வந்த குத்தூஸ் அதைப் பார்த்தார். அந்தப் பிடியை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"யாரு யாவாரம் முடிச்சது?"

"நான்தான். பாப்பாவப் பாக்குறதுக்கு" என்றாள் சபுரா. கையை அவள் விடவில்லை. "மாமி, கை போட்டாச்சு."

மரியம் பீவி மகனைப் பார்த்தாள். "என்னடா இது, பொம்பளைக யாவாரம்? செல்லாதுன்னு சொல்லு."

குத்தூஸ் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். வத்தலக்குண்டுக்காரரும் பழனிக்காரரும் அவருக்குப் பின்னால் படியில் நின்றார்கள், எல்லாருமே மண்டிக்காரர்கள்.

"எப்படிம்மா சொல்றது? கை போட்டத என் வீட்டுலேயே மாத்துனா, நாளைக்குக் கீழ எவன் எனக்குக் கையக் குடுப்பான்?" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. "சரி, எவ்வளவுக்கு முடிச்சே?"

"அத வெளிய சொல்லக் கூடாதுங்க. நீங்க சொல்லுவீங்களா?"

படியில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மரியம் பீவி எழுந்து வந்தாள். தங்கை கையிலிருந்த சால்வையை உருவி வடிவின் கைமேல் போட்டாள். தன் கையை உள்ளே நுழைத்தாள். எவ்வளவு என்று விரலாலேயே கேட்டாள். வடிவு முழுக்கையைப் பிடித்துக் காட்டினாள். மரியம் பீவியின் புருவம் முக்காட்டைத் தொடும் அளவுக்கு ஏறியது.

ஒரு மூட்டைப் பூண்டை எடை போடுகிற நேரம் அவள் அப்படியே நின்றாள். பிறகு அவள் கையும் வடிவின் உள்ளங்கையில் தட்டியது, கொஞ்சம் வலிக்கும்படியாக.

"போகட்டும். ஆனா சேலை கெடையாது!"

"வேணாங்க பெரியம்மா" என்றாள் வடிவு. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் விடிந்ததும் காளியாயியிடமிருந்து சாவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலுச்சாமி வள்ளியைப் பஸ்ஸில் கூட்டிவந்து இறக்கினான். அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு, சின்ன ராணியைப்போல வள்ளி நின்றாள்.

"கோடைக்கானல், இங்க ஏன் ஒரே பொகையா கெடக்கு?"

"பொகையில்லடி, மேகம்."

அறைக்குள் வந்ததும் வள்ளி சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "சுவருக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றாள். பிறகு அந்தச் சுவரை விட்டு நகரவே இல்லை.

திங்கட்கிழமை காலை வெயில் அடித்தது. பள்ளிக்கூடத்தில் வள்ளியைச் சேர்க்க வடிவு பஜார் வழியே புறப்பட்டாள். தோளில் பாப்பா, ஒரு கையில் சம்சு, மறுகையில் வள்ளி. கோட்டையைப் பிடித்துவிட்டுத் திரும்பும் படைபோல அவர்கள் தெருவின் நடுவில் நடந்தார்கள். மண்டி வாசலில் சம்சு அவள் சேலையைத் தன் பக்கம் இழுத்தான்.

"இது என் ஆயா!"

வள்ளி மறுபக்கம் இழுத்தாள். "போடா! இது எங்கம்மா!"

வடிவு நின்றுவிட்டாள். அவளுக்குச் சற்று நேரம் தெருவே தெரியவில்லை. மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஏ புள்ள வடிவு!" மரியம் பீவி பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள். "மூணா? மூணாவதுக்குச் சம்பளம் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்!"

வடிவு அண்ணாந்து பார்த்தாள். மண்டியில் நின்ற கூலிக்காரர்களும் குதிரைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று அவள் உரக்கச் சொன்னாள்:

"வேணாங்க பெரியம்மா! இது என் சொந்தச் சோலி!"