ருசி பார்த்தால் போதும்

போதகரின் மனைவி அன்று காலை ஆட்டிறைச்சி சமைத்தாள். வேறு யாராவது சமைத்தால் வீண்பேச்சு வரும், அம்மாவே செய்து கொண்டுவரட்டும் என்று சபைக் கமிட்டி சொல்லியனுப்பியிருந்தது. சின்னப் பாத்திரத்தில் கிழங்கும் மிளகும் போட்டு வேகவைத்தாள்.

போன வருடம்தான் அவள் கணவர் இறைச்சியை விட்டார். விட்டதோடு நின்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அதைப் பிரசங்கத்திலும் சொன்னார். ஆதியில் கடவுள் மனிதனுக்கு உணவாகக் கொடுத்தது விதையும் கனியும்தான், இறைச்சிக்கு அனுமதி ஜலப்பிரளயத்துக்குப் பிறகுதான் வந்தது, சிங்கம் வைக்கோல் தின்னும் நாள் வரும் என்று தீர்க்கதரிசியும் சொல்லியிருக்கிறார் என்றார். "நடுவுல இருக்கிற நாமதான் கையில கத்தியோட நிக்கறோம்" என்று முடித்தார். முன்வரிசையிலிருந்த கறிக்கடைக்காரர் எழுந்து வெளியே போனார். அடுத்த வாரம் ஆண்டவரின் சகோதரர் யாக்கோபைப் பற்றிப் பேசினார். அவர் இறைச்சியைத் தொட்டதே இல்லை என்று பழைய சபை வரலாறு சொல்கிறது என்றார். அதோடு சபை இரண்டாகப் பிளந்தது.

கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட். எதற்கும் ஒரு ஷரத்தை எடுத்து நீட்டுவதால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'ஷரத்து'தான். இதற்கும் ஒன்றைத் தோண்டி எடுத்தார். நாலாம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிப் போட்ட விதி அது. இறைச்சியை விலக்கும் குருமார் அதை ஒருமுறை ருசி பார்க்க வேண்டும், பிறகு விலக்கிக்கொள்ளலாம். இறைச்சியோடு வெந்த காய்கறியைக்கூடத் தொட மறுத்தால் பதவி போய்விடும்.

"என்னங்க, ஒரு துண்டுதானே" என்றாள் அவள், பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டே. "வாயில போட்டு முழுங்கிடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்னு அவங்களே சொல்றாங்க."

"முழுங்கிடலாம். அது பெரிய விஷயமில்ல."

"அப்ப எது பெரிய விஷயம்?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மேலும் கேட்கவில்லை. வீட்டுக்குள் நடப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் பிள்ளைகளும் இறைச்சி சாப்பிடும் நாளில் அவர் சமையலறையில் நின்றபடி தனியாகச் சாப்பிடுவார். அவள் கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி தேய்ப்பார். ஒருநாள் சின்னவள் எண்ணெய்க் கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டபோது, மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டார். குழந்தை அழக்கூட இல்லை, மலங்க மலங்க விழித்தாள்.

ஆலயத்தின் பின்னறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நீள மேசையைச் சுற்றிக் கமிட்டிக்காரர்கள். கடைசி நாற்காலியில் கறிக்கடைக்காரர், கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு. அவள் தட்டில் இறைச்சியும் கிழங்கும் எடுத்துவைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். ஷரத்து விதியை வாசித்து முடித்தார்.

"இந்த விதி எதுக்கு வந்துச்சுன்னு தெரியுமாய்யா?" என்று கேட்டார் போதகர்.

"தெரியும் பாஸ்டர். இறைச்சியே தீயதுன்னு சொல்லிக்கிட்டு சில கூட்டம் அப்ப இருந்துச்சு. கடவுள் படைச்சதை அருவருக்கிறவன் மேய்ப்பனா இருக்கக் கூடாதுங்கறதுக்காகப் போட்டது."

"சரிதான்."

அவர் கரண்டியை எடுத்தார். ஒரு துண்டை அள்ளி உதட்டருகே கொண்டுபோனார். அவள் முன்னால் கிடந்த நாற்காலி முதுகை இறுகப் பிடித்தாள். முழுங்கிடுங்க, முழுங்கிடுங்க என்று மனம் அடித்துக்கொண்டது. கரண்டி அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் தட்டுக்கே திரும்பியது.

"சாப்பிட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றார்.

"என்ன பொய்?"

"அருவருப்பு இல்லேன்னு காட்டத்தானே இந்த ஒரு வாய்? எனக்கு இருக்கு. இறைச்சி மேல மட்டும் இல்ல." அவர் தட்டை நகர்த்திவைத்தார். "சாப்பிடறவங்க சாப்பிடாதவனை அற்பமா நினைக்கக் கூடாதுன்னு பவுல் எழுதினதை உங்ககிட்ட எத்தனையோ தடவை சொன்னேன். சாப்பிடாதவன் சாப்பிடறவங்களுக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுன்னும் அங்கேயே இருக்கு. அது எனக்கு எழுதினது. அதை மட்டும் தாண்டிப் போயிட்டேன்."

கறிக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "போன திருவிருந்துல அப்பத்தை நுனியில பிடிச்சு, உங்க கையில படாம கொடுத்தேன். கவனிச்சிருப்பீங்க."

"கவனிச்சேன்" என்றார் கறிக்கடைக்காரர்.

அவ்வளவுதான் சொன்னார். ஷரத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயிக்க வந்தவருக்கு இப்படி ஜெயிக்கப் பிடிக்கவில்லை. "மனசுல என்ன இருக்குன்னு இங்க யாரும் கேக்கல பாஸ்டர். ஒரு துண்டு. அதோட இந்தப் பேச்சை முடிச்சுக்கலாம்."

"விதி மனசைத்தான்யா கேக்குது. ராஜினாமாவை நாளைக்குக் கொடுத்துடறேன்."

வீடு வந்து சேர்ந்து, அவள் கதவைச் சாத்தியதும் வெடித்தாள். "முழுங்கியிருக்கலாம்ல?"

"முழுங்கியிருந்தா நீ என்னை மதிச்சிருப்பியா?"

"சபை வீட்டையும் விட்டுட்டு, மதிப்பை வெச்சுக்கிட்டுப் புள்ளைங்களோட எங்கங்க குடியிருக்கறது?"

அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை, பல நாள் ஆறவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவர் சின்னவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏன் அன்று தள்ளிவிட்டேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவருக்கு வேறோர் ஊரில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அவர் இறைச்சிக்குத் திரும்பவில்லை. திரும்பச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

சாமான் ஏற்றும் நாளில், யாரும் கூப்பிடாமலே கறிக்கடைக்காரர் தன் வேனோடு வந்து நின்றார். கட்டிலையும் மூட்டைகளையும் அவரே தூக்கிப் போட்டார். அவளும் பிள்ளைகளும் பின்னிருக்கையில் ஏறினார்கள். அவள் கணவர் ஒரு கணம் தயங்கிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கறிக்கடைக்காரர் கழுவித்தான் கொண்டுவந்திருந்தார். இருந்தாலும் சோப்பு வாசனைக்கு அடியில் ரத்தக் கவிச்சி இருந்தது. கணவரின் கழுத்து நரம்பு புடைப்பதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று அவளுக்குப் பக்கென்றது.

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?" என்று நேராகவே கேட்டார் அவர்.

"தாராளமா இறக்குங்க" என்றார் கறிக்கடைக்காரர், கியரைப் போட்டபடி. "சில நாள் எனக்கே தாங்காது."