பிளஸ் வந்த தண்டு

புதிய எக்ஸ்-கதிர்க் கருவி ஆய்வுகூடத்துக்கு வந்த நாளிலிருந்து உதயகலாவுக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே என்ன, இரும்பை அறுக்காமல் உடைக்காமல் அதற்குள் ஒளிந்திருக்கும் இழுவையை அளந்து சொல்கிற கருவி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வேறு யாரிடம் இருக்கிறது?

மயிலிட்டி எமில்ராஜ் தன் படகின் விசிறியைச் சுழற்றும் தண்டை ஓட்டோவில் போட்டுக்கொண்டு வந்தது, கருவியைப் பார்க்கக் கொழும்பிலிருந்து விருந்தினர் வந்திருந்த நாளில். முறிந்ததை அச்சுவேலியில் வெல்டிங் செய்து வாங்கியிருந்தார். கடலுக்குக் கொண்டுபோகலாமா என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டிய இடத்தில் உதயகலா கதிரைப் பாய்ச்சினாள். தெறித்து வந்ததை உணரி பிடித்தது, திரையில் எண் விழுந்தது. விருந்தினர் பக்கம் திரும்பி, "பிளஸ். நல்லாக் கூடித்தான் இருக்கு," என்றாள்.

"பிளஸோ? சந்தோசம் மிஸ்," என்றார் எமில்ராஜ்.

பிளஸ் என்றால் இரும்பு உள்ளுக்குள் இழுபட்டுக் கிடக்கிறது, சின்ன விரிசல் விழுந்தாலே பிளந்துவிடும் என்று பொருள். மைனஸ்தான் நல்லது. இந்தத் தலைகீழ்க் கணக்கு அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அந்தச் 'சந்தோசம்' அவள் காதில் விழத்தான் செய்தது, உறுத்தவும் செய்தது. ஆனால் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கருவிக்குப் பக்கத்தில் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தபோது ஆளும் இல்லை, தண்டும் இல்லை. பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

தண்டு கடலில் முறிந்தது. படகு அலையில் அடிபட்டுப் போய்க் கடலுக்குள் கிடந்த கற்பாரில் மோதி உடைந்தது. எமில்ராஜ் உயிரோடு கரை சேர்ந்தது மாதா புண்ணியம்.

செய்தி கேட்டு உதயகலா மயிலிட்டிக்கு ஓடினாள். கையில் கட்டோடு வாங்கில் உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் எழும்பினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ். நீங்கள் பிளஸ் எண்டு சொல்லித் தந்ததை நான்தான் எங்கையோ கல்லிலை அடிச்சுப் பழுதாக்கிப் போட்டன். உங்கடை பேரைக் கெடுத்துப் போட்டன்."

உதயகலா கூனிக் குறுகிப்போனாள். தலையாட்டிவிட்டு பஸ் ஏறினால் ஒரு குருவிக்கும் தெரியவராது. அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"அண்ணை, பிளஸ் எண்டால் கூடாது எண்டு அர்த்தம். அந்தத் தண்டைப் போட்டிருக்கவே கூடாது. நான்தான் விளங்கப்படுத்தேல்லை."

எமில்ராஜ் திரும்ப வாங்கில் உட்கார்ந்தார். தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி சிசிலியா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் சந்தோசம் எண்டு சொன்னனான், மிஸ். உங்களுக்குக் கேக்கேல்லைப் போலை?"

அவர் அவளுக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டார். ஓம் என்று ஒரு சொல் போதும்.

"கேட்டது, அண்ணை," என்றாள்.

சிசிலியா தேத்தண்ணியைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.