இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

காலாட்படையின் நூறாண்டு வரலாறு எழுநூறு பக்கமாக அரசு அச்சகத்தில் வந்து இறங்கியபோது, பிழை திருத்தும் வேலை நேராகப் பூதக்கண்ணாடியின் மேசைக்குத்தான் வந்தது. அச்சகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். ஒற்று விட்டுப்போனால் பிடிப்பாள், இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி கூடினாலும் பிடிப்பாள். ஒருமுறை இயக்குநரின் சுற்றறிக்கையில் நாலு பிழையை வட்டமிட்டு அவருக்கே திருப்பி அனுப்பியவள். "அந்தம்மாகிட்ட கல்யாணப் பத்திரிகை குடுத்தாக்கூடத் திருத்தித்தான் திருப்பித் தரும்" என்று கீழ்த்தளத்து இயந்திரக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

அவள் அண்ணன் காலாட்படையில் இருந்தவன். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய ஆற்றுப் போரில், இரண்டாம் பட்டாலியனின் மூன்றாம் கம்பெனியில், பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷனுக்குத் தலைவன். போர் முடிந்த மறுமாதம் அந்தக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்களை அவமானப் பதிவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்திரிகைகள் அதற்கு "ஓடிவந்த கம்பெனி" என்று பெயர் வைத்தன. அண்ணனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார். அடுத்த வருடம் இவளுக்கு வந்த வரனும் அதே வாசலோடு திரும்பியது. "ஓடிவந்தவன் வீட்டுல பொண்ணு எடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்றார்கள். அந்த நாலு பேர் யார் என்று அவள் இன்றுவரை பார்த்ததில்லை.

அண்ணன் இப்போது ஒரு டயர் கிடங்கின் வாசலில் காவல் வேலை பார்க்கிறான். இரண்டு அறை வாடகை வீட்டில் அண்ணனும் தங்கையும்தான். அந்த வீட்டுக்குள் பட்டாலியன் என்ற சொல்லையே யாரும் எடுத்ததில்லை. புத்தகம் வந்திருக்கும் விஷயத்தையும் அவள் சொல்லவில்லை.

முதல் இருநூறு பக்கத்தில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துறைமுகத்தைக் காக்க இருநூறு பேரைக் கம்போடு நிறுத்தியதில்தான் காலாட்படை தொடங்கியதாம். பிறகு துப்பாக்கி வந்தது, சீருடை வந்தது, ஒன்று இரண்டாகி இரண்டு நாலு பட்டாலியன் ஆனது. பதினெட்டாம் பக்கத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள்: பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன், மூன்று பிளாட்டூனும் ஒரு சின்னத் தலைமையகமும் சேர்ந்தால் நூற்றுப் பத்துப் பேர் கொண்ட ஒரு கம்பெனி, நாலு கம்பெனி ஒரு பட்டாலியன். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுத் தாண்டினாள்.

இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"மூன்றாம் கம்பெனி உத்தரவின்றிப் பின்வாங்கியது. அதனால் மேற்குக் கரை எதிரியின் வசமாயிற்று. கம்பெனி கலைக்கப்பட்டது."

மூன்றே வாக்கியம். பிழை ஒன்றுமில்லை. ஒற்றுகூடச் சரியாக மிகுந்திருந்தது. அவள் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். திரும்பவும் படித்தாள். அண்ணன் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான், வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில்: "உத்தரவு வந்துது பாப்பா. கேப்டன் காதுல ஹெட்போன் இருந்துது, நான் பக்கத்துல இருந்தேன். மறுபடி சொல்லுங்கன்னு அவர் கேட்டதுகூட எனக்குக் கேட்டுது." அந்தக் கேப்டன் பாலத்தின் நடுவிலேயே குண்டடிபட்டுச் செத்துப்போனார். உத்தரவே கொடுக்கவில்லை என்று தலைமையகம் சாதித்துவிட்டது. சாட்சி சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார். வாயில்லாத கம்பெனியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டார்கள்.

என்ன செய்ய முடியும்? பிழை திருத்துகிறவள் எழுத்துப் பிழையைத்தான் திருத்தலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படித்தாள்.

ஒன்பது நாள் கழித்து, முந்நூற்றுத் தொண்ணூற்றோராம் பக்கம். தகவல் தொடர்பு பற்றிய அத்தியாயம். பக்கத்தை நிரப்ப, பக்க வடிவமைப்புப் பிரிவில் பழைய ஆவணப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படமாகப் போட்டிருந்தார்கள். கீழே "களத்தில் வயர்லெஸ் பதிவேடு – ஒரு மாதிரி" என்று ஒரு வரி. அந்தப் படத்தை யாரும் படித்திருக்கப் போவதில்லை. படம்தானே என்று விட்டிருப்பார்கள். அவள் படிக்காமல் விட்டதில்லை. லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்தாள்.

தேதி, ஆற்றுப் போரின் கடைசி நாள். மதியம் இரண்டு பத்து: தலைமையகத்திலிருந்து மூன்றாம் கம்பெனிக்கு – கரையை விட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரவும். இரண்டு பன்னிரண்டு: மூன்றாம் கம்பெனியிலிருந்து – மீண்டும் சொல்லவும். இரண்டு பதின்மூன்று: தலைமையகத்திலிருந்து – உடனே வரவும், இது உத்தரவு.

அதற்குப் பக்கத்தில், உத்தரவு கொடுத்த அதிகாரியின் சுருக்கொப்பம். ஒரு 'ம', அதன் வால் தூண்டில் முள்போலப் பின்னால் வளைந்து, உள்ளே ஒரு புள்ளி.

அந்த 'ம'வை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாக ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பச்சைப் பென்சிலில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தின் பதிப்பாசிரியர், ஓய்வுபெற்ற கர்னல், தான் பார்த்து முடித்த பக்கத்திலெல்லாம் அதைத்தான் போட்டு அனுப்புவார். முன்னுரையில் அவரே எழுதியிருந்தார்: ஆற்றுப் போரின்போது இரண்டாம் பட்டாலியன் தலைமையகத்தில் அட்ஜுடண்டாக, அதாவது தளபதியின் வலது கையாக, இருந்தேன் என்று.

லென்ஸைக் கீழே வைத்தாள். இந்த ஆள் வியாழக்கிழமைதோறும் வந்து, எதிரே உட்கார்ந்து, டீ குடித்து, "உங்க மாதிரி ஒரு கண்ணு எங்க படையில இருந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

சந்தேகச் சீட்டை எடுத்தாள். அச்சக விதிப்படி, சந்தேகம் வந்தால் அதில்தான் எழுத வேண்டும். "பக்கம் 214-இல் 'உத்தரவின்றி' என்று உள்ளது. பக்கம் 391-இன் படத்தில் உத்தரவு உள்ளது. எது சரி? பதிப்பாசிரியர் தெளிவுபடுத்தவும்." கையெழுத்துப் போட்டுப் படத்தின் நகல் ஒன்றைச் சீட்டோடு இணைத்தாள். இன்னொரு நகலைத் தன் பைக்குள் வைத்தாள்.

மேற்பார்வையாளர் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? ஒற்றுப் பிழை பாக்கச் சொன்னா ராணுவத்தை விசாரிக்கிறே?"

"ரெண்டு பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துவரலை சார். அதைச் சொல்றதுதானே என் வேலை?"

"படத்தை எடுத்துட்டா ஒத்துவந்துடும்" என்றார் அவர்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

கர்னல் வந்தார். மேற்பார்வையாளர் முன்கூட்டியே காதில் போட்டிருக்க வேண்டும். வழக்கமான டீயை வேண்டாம் என்றார். மற்ற இரண்டு பிழைதிருத்துநர்களும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

அவள் படத்தை அவர் முன்னால் தள்ளினாள். "இது உங்க கையெழுத்துதானே சார்?"

அவர் படத்தைக் கையிலெடுத்தார். "இந்தப் பதிவேடு அழிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க" என்றார்.

"அது என் கேள்விக்குப் பதில் இல்லை."

"ஏம்மா, உனக்கு என்ன தெரியும் அந்த நாளைப் பத்தி? மேலேருந்து கேக்குறாங்க, யாரு கரையை விடச் சொன்னதுன்னு. தளபதி பேரைச் சொன்னா பட்டாலியனையே கலைச்சிருப்பாங்க. நாலு கம்பெனியில ஒண்ணைக் குடுத்து மூணைக் காப்பாத்தினோம். படையில சில சமயம் அப்படித்தான் முடிவு எடுக்கணும்."

"ஒரு கம்பெனின்னா நூத்திப் பத்து பேரு சார். உங்க புத்தகத்துலயே பதினெட்டாம் பக்கத்துல படம் போட்டிருக்கீங்க. மத்த மூணு கம்பெனியும் மெடல் வாங்குச்சு. இவங்க வாங்கினது என்ன தெரியுமா? இன்னிக்கும் என் அண்ணன் பஸ்ல உக்காரமாட்டான். நின்னுக்கிட்டே வருவான். உக்காந்தா யாராவது பேச்சுக் குடுப்பாங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு கேப்பாங்கன்னு."

அவர் நிமிர்ந்தார். "உங்க அண்ணனா? எந்த..."

"அந்தக் கம்பெனியில தாடைக்காரன்னு கூப்பிடுவாங்களே, அவன்தான் என் அண்ணன். நீங்க கூப்பிட்ட பிறகு, காயம்பட்ட ரெண்டு பேரைத் தோள்ல மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுப் பாலத்தைத் தாண்டினவன். அவன் செக்‌ஷன்ல பத்துப் பேருல ஆறு பேருதான் இந்தப் பக்கம் வந்தாங்க. உங்களைப் பொறுத்தவரைக்கும் அந்த ஆறு பேரும் ஓடிவந்தவங்க."

கர்னல் பச்சைப் பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். இரண்டு தரம் தவறி மூன்றாவது தரம்தான் போனது. "படத்தை எடுத்துடுங்க" என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இறுதி அச்சுப்படியில் பிழைதிருத்துநர் கையெழுத்திட்டால்தான் அச்சுக்குப் போகும். அவள் போடமாட்டேன் என்றாள். மேற்பார்வையாளர் கெஞ்சினார், மிரட்டினார், பிறகு தானே போட்டார். மறுநாள் அவளை விண்ணப்பப் படிவங்கள் அடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். "பெயர், தந்தை பெயர், முகவரி" என்று நாள் முழுக்கப் படிக்கிற வேலை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், அண்ணன் சட்டையைக்கூட மாற்றுவதற்கு முன் நகலை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் ஜன்னல் பக்கம் போய்ப் படித்தான். "மீண்டும் சொல்லவும்" என்ற வரியில் கட்டை விரலை வைத்தான். வைத்தவன் எடுக்கவேயில்லை. அழுவான் என்று நினைத்தாள். அவன் அழவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"புத்தகம் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இது கிடைச்சு ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரம்." அவன் குரல் ஏறியது. "இருபத்திரண்டு வருஷமா நான் பொய் சொல்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு பாப்பா. தூக்கத்துல கேட்டதைத்தான் நிஜம்னு நினைச்சுக்கிட்டேனோன்னு. நீ ரெண்டு வாரம் இதைப் பையில வெச்சிக்கிட்டு எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கே."

அவன் சொன்னது சரிதான். முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று அவள் தன் கோபத்தைத்தான் முன்னால் வைத்திருந்தாள்.

மூன்று நாள் அவளோடு அவன் பேசவில்லை. நாலாம் நாள் பழைய விலாசங்களைத் தேட ஆரம்பித்தான். உயிரோடு இருந்தவர்களில் பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். ஒருவன் லாரி ஓட்டுகிறான், ஒருவன் கண் தெரியாமல் மகள் வீட்டில் இருக்கிறான், ஒருவன் பெயரையே மாற்றிக்கொண்டு வேறு ஊரில் கடை வைத்திருக்கிறான். பத்தொன்பது பேரும் கையெழுத்திட்ட மனு, பதிவேட்டின் நகலோடு ராணுவ அமைச்சகத்துக்குப் போனது.

அதற்கிடையே புத்தகம் வந்துவிட்டது. அவள் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திறந்தாள். "மூன்றாம் கம்பெனி பின்வாங்கியது" என்று இருந்தது. 'உத்தரவின்றி' என்ற சொல் இல்லை. கடைசி நேரத்தில் பச்சைப் பென்சில் அதை அடித்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல், ஏன் என்று எழுதாமல்.

அண்ணனிடம் காட்டியபோது அவன் புத்தகத்தை மேசையில் அறைந்த வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது. "திருட்டுத்தனமா எடுத்திருக்கான். வெச்சது அவன், எடுத்ததும் அவன். நடுவுல நாங்க யாரு?"

ஆறு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள், ஒரு நீண்ட மேசை. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் போனான். வாசலில் காத்திருந்த அவளுக்கு உள்ளே நடந்தது கேட்கவில்லை. கர்னலும் வந்திருந்தார், தடியூன்றி. உள்ளே போகும்போது அவளைப் பார்த்தார். வணக்கம் சொல்லக் கை பாதி எழுந்தது. அவள் திருப்பிச் சொல்லவில்லை.

"ஒத்துக்கிட்டான்" என்றான் அண்ணன் வெளியே வந்து. "தளபதி சொன்னாரு, நான் வயர்லெஸ்ல சொன்னேன்னான். தளபதி செத்து எட்டு வருஷமாச்சு. அதனால இப்போ சொல்ல முடியுது."

"உன்கிட்ட ஏதாவது பேசினாரா?"

"மன்னிச்சுக்கோன்னு சொல்லுவான்னு நின்னேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டான்."

அடுத்த மாதம் கடிதம் வந்தது. மூன்றாம் கம்பெனி உத்தரவின்படியே பின்வாங்கியதாகப் பதிவு திருத்தப்படுகிறது. சம்பந்தப்பட்டவர்களின் அவமானப் பதிவு நீக்கப்படுகிறது. அவ்வளவுதான். வருத்தம் என்ற சொல் எங்குமில்லை. யார் செய்த தவறு என்றும் இல்லை. எல்லாம் தானாகவே நடந்து தானாகவே திருத்தப்பட்டதுபோல் இருந்தது.

லாரிக்காரன் போனில் அழுதான். கடைக்காரன் தன் பழைய பெயரைச் சொல்லிப் பேசினான். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதில் எழுதினான். கலைத்தது யார், பொய் சொன்னது யார், செத்துப்போன கேப்டனின் வீட்டுக்கு இந்தக் கடிதம் போனதா, அவர் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தான். எழுதி முடித்து அவளிடம் நீட்டினான்.

அவள் படித்தாள். நாலைந்து எழுத்துப் பிழை இருந்தது. திருத்தினாள்.

"ரொம்பக் காட்டமா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"குறைக்கணுமா?"

"வேண்டாம்" என்று சொல்லி உறையை எடுத்து விலாசம் எழுத ஆரம்பித்தாள்.