வேலி இல்லாத வரப்பு

பொய் சொல்ல எனக்கு வாய் கூசாதுன்னு எங்க வூட்டுக்காரர் சொல்லுவார். அன்னிக்கு அலீனா கேட்டப்பவும், "வேலியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க"ன்னு சட்டுன்னு சொல்லிட்டேன்.

அலீனா தர்மபுரி காலேஜ் பொண்ணு. பாப்பாரப்பட்டிப் பக்கம் வயக்காடு, கொல்லைன்னு நடந்து, எது வெறும் வரப்பு, எது புதர் வரப்பு, எதுல முயலு, மயிலு, பன்னி தங்குதுன்னு வகை பிரிச்சு எழுதறா. வேலிக்குத் தனி வகை. எங்க மேக்கால வரப்புப் புதருக்குள்ள பன்னிக்குக் கரண்டுக் கம்பி கட்டியிருக்கோம். சொன்னா ஜெயிலுதான். நான் என்ன பைத்தியமா?

"புதர் வரப்பு, வேலி இல்லை"ன்னு எழுதிக்கிட்டு மேக்கால நடந்தா. எனக்கு அப்பவும் பயமில்ல. பொழுது சாய மோட்டார் கொட்டாயில அந்தக் கம்பிக்குக் கரண்ட் குடுக்கற கொக்கியை மாட்டறதும், விடிஞ்சா கழட்டறதும் என் வேலை. அன்னிக்கு விடியறப்ப கொட்டாயில பல்பு எரியல. கரண்டே இல்லாதப்ப கொக்கியைக் கழட்டுவானேன்னு பால் கறக்கப் போயிட்டேன்.

அவ புதர்கிட்டப் போயிருப்பா. எங்க குழாயில தண்ணி கொட்ட ஆரம்பிச்சுது. ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டார், கரண்ட் வந்தா தானா ஓடும்.

கொட்டாய் ஒரு கோடி, அவ ஒரு கோடி. அங்க அவ புதரை விலக்கக் கையை நீட்டறா. கத்தினா கம்பி இருக்கறது தெரிஞ்சிடும். ஒரு நொடி, ரெண்டு நொடி, சும்மாவே நின்னேன். அதை நெனைச்சா இன்னிக்கும் எனக்கே என் மேல ஆத்திரமா வருது.

"தொடாத கண்ணு, கம்பியில கரண்ட் இருக்கு."

கை அப்படியே நின்னுடுச்சு. கம்பிக்கு ஒரு சாண் இருந்திருந்தா அதிகம். நான் ஓடிப் போய்க் கொக்கியைப் பிடுங்கிட்டு வந்தேன். அலீனா கல்லக்காச் செடி மேலயே உக்காந்துட்டா. திட்டுவான்னு பாத்தேன். திட்டல.

"பானுமதிக்கா, என்கூட வந்த நதீம் பக்கத்துக் கொல்லையில நடக்கறான். அங்கயும் வேலி இல்லைன்னுதான் சொன்னாங்க."

அது முனியம்மாள் கொல்லை. ரெண்டு வூட்டுக்கும் சேத்துத்தான் கம்பி வாங்கினோம். கரண்ட் இல்லாத அன்னிக்கு அவளும் கொக்கியைக் கழட்ட மாட்டா.

வரப்பு மேல ஏறி, எங்க கம்பி, அவ கம்பி எல்லாத்தையும் சொல்லி, நின்ன எடத்துலயே நில்லுப்பான்னு ஊரே கேக்கக் கத்தினேன். மறுபடி கத்தினேன். முனியம்மாள் குழாயிலயும் தண்ணி கொட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு, அவ கொல்லைச் சோளத்துக்கு மேல ஒரு கை எழுந்து ஆடுச்சு. அதைப் பாத்த பொறகுதான் உக்காந்து அழுதேன்.